முப்பத்தெட்டு என்று சொன்னேன்

இது நடந்து மூன்று வருடம் இருக்கும். புதுச்சேரி டவுனில், கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி, பழைய கட்டடம் ஒன்றில் இயங்கும் பெண்கள் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். எட்டாம் வகுப்புக்கு வகுப்பாசிரியையும் நான்தான்.

எங்கள் பள்ளியில் பருவத்துக்கு ஒரு முறை தீ விபத்து ஒத்திகை நடக்கும். மணி விடாமல் அடிக்கும். பிள்ளைகள் வரிசையாக இறங்கி மைதானத்துக்கு வர வேண்டும். வகுப்பாசிரியர் தலையை எண்ணிச் சொல்ல, பி.டி. சார் நேரத்தோடு படிவத்தில் எழுதிக்கொள்வார். எந்த வகுப்பு முதலில் இறங்கியது என்று மறுநாள் பிரேயரில் அறிவிப்பார்கள். பெரும்பாலும் என் வகுப்புதான். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு.

என் வகுப்பில் ஒரு பெண். பிறவியிலேயே கால்களில் பலம் கிடையாது. வாக்கர் பிடித்துத்தான் நடப்பாள். வகுப்போ முதல் மாடியில். சேதராப்பட்டில் கம்பெனி வேலை பார்க்கும் அவளுடைய அப்பா, தினமும் காலையில் அவளைத் தூக்கிவந்து பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு வேலைக்கு ஓடுவார்.

முதல் ஒத்திகையின்போதே அவளிடம் சொல்லிவிட்டேன். "நீ கஷ்டப்படாத கண்ணு. மணி அடிச்சா இங்கயே உக்காந்திரு. நாங்க போயிட்டு வந்துடறோம்."

அவளும் தலையாட்டினாள். கீழே முப்பத்தேழு பேர் நிற்பார்கள். நான் முப்பத்தெட்டு என்பேன். அவள்தான் மேலே பத்திரமாக இருக்கிறாளே, பிறகென்ன? எனக்கோ பி.டி. சாருக்கோ அதில் தப்பாக எதுவும் படவில்லை. ஊனமுற்ற பிள்ளையை அலைக்கழிக்காத நல்ல டீச்சர் என்று என்னைப் பற்றி எனக்கே ஒரு நினைப்பு வேறு.

அது பிப்ரவரி மாதம். மதியச் சாப்பாட்டுக்கு முந்தைய பீரியட். திடீரென்று மணி அடித்தது. ஒத்திகை என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். அன்று யாரும் சொல்லவில்லை. வராந்தாவுக்கு வந்தால் ரப்பர் கருகும் நாற்றம். கீழே கம்ப்யூட்டர் அறையில் யு.பி.எஸ். பேட்டரி தீப்பிடித்து, முன்பக்கப் படி வழியாகப் புகை ஏறிக்கொண்டிருந்தது. பிள்ளைகளைப் பின்பக்கப் படிக்குத் திருப்பினேன். பிள்ளைகள் பழக்கப்பட்டபடி மளமளவென்று இறங்கிவிட்டார்கள். மைதானத்தில் நிறுத்தி எண்ணினேன். பி.டி. சார் கேட்டதும் பழக்க தோஷத்தில், "முப்பத்தெட்டு. எல்லாரும் வந்தாச்சு சார்" என்றேன்.

அவர் எழுதி முடிப்பதற்குள் யாரோ என் புடவையைப் பிடித்து இழுத்தார்கள். அவளுக்குப் பக்கத்து இடத்துப் பெண்.

"மிஸ், அவ மேலயே இருக்கா மிஸ்."

செருப்பை உதறிவிட்டு ஓடினேன். பி.டி. சார் என்னை முந்திக்கொண்டு ஓடினார். அதற்குள் பின்பக்கப் படியிலும் புகை வந்துவிட்டிருந்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை. மேலே போனால் வகுப்புக் கதவு சாத்தியிருக்கிறது. நான் அதைத் திறந்துபோட்டுவிட்டுத்தான் வந்திருந்தேன்.

உள்ளே ஜன்னலோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். பெஞ்சுகளைப் பிடித்துப் பிடித்துப் போய் அவளேதான் கதவைச் சாத்தியிருக்கிறாள். துப்பட்டாவைத் தண்ணீரில் நனைத்து மூக்கில் வைத்திருந்தாள். புகை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்த அத்தனையையும் ஒன்று விடாமல் செய்திருந்தாள். ஒரு ஒத்திகைக்குக்கூட நான் அழைத்துப் போகாத பிள்ளை.

பி.டி. சார் அவளைத் தூக்கிக்கொண்டார். "ஏம்மா, ஒரு சத்தம் குடுக்கக் கூடாதா?" என்று அழுதுகொண்டே கேட்டேன்.

"இங்கயே இரு, வந்துடறோம்னு நீங்கதான மிஸ் சொன்னீங்க?" என்றாள் இருமலுக்கு நடுவே. அந்தக் குரலில் கோபமே இல்லை.

தீயைச் சீக்கிரமே அணைத்துவிட்டார்கள். அவளுக்கு இருமல் நிற்காததால் கதிர்காமம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. கம்பெனிச் சட்டையோடு அவளுடைய அப்பா ஓடிவந்தார். யாரோ போனில் பாதிக் கதையைச் சொல்லியிருக்கிறார்கள். என்னைப் பார்த்ததும், "எம்பொண்ண காப்பாத்திட்டீங்க டீச்சர்" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

பேசாமல் இருந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் என்னால் முடியவில்லை. "அவள விட்டுட்டு வந்ததே நான்தாங்க" என்று ஆரம்பித்து, முப்பத்தெட்டு என்று சொன்னது வரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

கும்பிட்ட கைகள் மெதுவாக இறங்கின. திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் மகளின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"தெனம் தூக்கிட்டு ஏறுறவன் நான். ஒரு அவசரம்னா இவள எறக்கறது யாருன்னு நானும் ஒருநாள்கூட கேக்கலியே டீச்சர்."

அவர் என்னை அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

மறுநாள் தலைமையாசிரியையிடம் நடந்ததை அப்படியே எழுதிக் கொடுத்தேன். அவர் என்னைக் கடிந்துகொண்டார். பிறகு எட்டாம் வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றச் சொன்னார். பெஞ்சுகளை இறக்கிப் போட அரை மணி நேரம்தான் ஆனது. அந்த அரை மணி நேர வேலை ஒரு வருடமாக எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நடக்கச் சிரமப்படும் பிள்ளை எந்த வகுப்பில் இருந்தாலும், மணி அடித்ததும் அவளிடம் போக வேண்டிய இரண்டு பெரியவர்கள் யார் என்று இப்போது முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறோம்.

அடுத்த ஒத்திகையில் அவள் வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்துசேர்ந்தபோது, மற்ற வகுப்புகளெல்லாம் வரிசையில் நின்றுகொண்டிருந்தன. முதன்முறையாக என் வகுப்பு கடைசி. ஒவ்வொரு தலையையும் தொட்டுத் தொட்டு எண்ணினேன்.

அவளுக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்று அன்று நான் காட்டிய இரக்கம், முதலில் இறங்கிவிட வேண்டும் என்ற என் அவசரத்துக்கு நான் சூட்டியிருந்த நல்ல பெயர்தான் என்பது, அதற்குப் பிறகு பிள்ளைகளை எண்ணும் ஒவ்வொரு முறையும் என் நெஞ்சில் குத்துகிறது.