மைதானத்துக்கு முதுகு காட்டுகிறவர்

மைதானத்துக்கு முதுகைக் காட்டி நிற்கிறார் லின்வால் பிரிசெட். அவருக்குப் பின்னால் ரக்பி ஆட்டத்தில் பக்கத்துக்குப் பதிமூன்று பேராகச் சேற்றில் முட்டி மோதுகிறார்கள். வேலியோரம் நிற்கிற எல்லாரும் பந்தைப் பார்த்துக் கத்துகிறார்கள். அவர் மட்டும் கத்துகிறவர்களைப் பார்க்கிறார். யார் கோபத்தில் ஜமைக்காப் பேச்சுக்குத் தாவுகிறார்கள், யார் பையிலிருந்து என்ன தின்பண்டம் வெளியே வருகிறது என்பதில்தான் அவர் கண். இங்கிலாந்தின் ஹட்டர்ஸ்ஃபீல்ட் மழைக்குளிரில் ஒரு குடும்பம் அலுமினியத் தாளைப் பிரித்து, ஜமைக்கா வழக்கப்படி உலர்திராட்சை பன்னுக்கு நடுவே சீஸ் துண்டை வைத்துத் தின்றால் போதும், லின்வால் பக்கத்தில் போய் நின்றுவிடுவார்.

“பன்னு நல்லா இருக்கும் போலிருக்கே, வீட்ல செஞ்சதா?” என்று ஆரம்பிப்பார். ஒரு துண்டு கைக்கு வந்ததும், “உங்க அப்பாரு எந்த ஊரு?” அது இறங்கியதும், “அவரு பொறந்த சர்டிபிகேட் வச்சிருக்கீங்களா?”

அவருக்குச் சர்க்கரை இருக்கிறது. பன்னைத் தொடக் கூடாது. தொடுகிறார். நான் ஓய்வுபெற்ற நர்ஸ்; மாதம் ஒருமுறை அவர் கால்விரல்களைப் பார்த்துவிடுகிறேன், இதுவரை பழுதில்லை.

வேலை பேருந்து ஓட்டுவது. இருபத்தெட்டு வருஷமாக நகர மையத்திலிருந்து கிராஸ்லண்ட் மூர் மேட்டுக்கு ஏறி இறங்குகிறார். வண்டியை யார் மேலும் உரசியதில்லை. மற்ற நேரமெல்லாம், சம்பளம் இல்லாமல், ஜமைக்கா ரக்பி லீக் அணிக்குக் காகிதம் சேர்க்கிறார். அந்த அணிக்கு ஆட ஜமைக்காவில் பிறந்திருக்க வேண்டியதில்லை. அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி, இவர்களில் ஒருவர் அங்கே பிறந்திருந்தால் போதும். ஆனால் வாயால் சொன்னால் செல்லாது. பையன்கள் அவரை ‘காகித மாமா’ என்று கூப்பிடுகிறார்கள்.

“ஆடுற பையன யாரு வேணா கண்டுபிடிப்பாங்க. எனக்கு வேண்டியது அவனுக்குப் பின்னாடி நிக்கிற கிழவன்,” என்பார்.

காகிதங்கள் ஒரு சதுர பிஸ்கட் டப்பாவில் இருக்கும். மேலே இரண்டு ரப்பர் பட்டைகள். டப்பா பேருந்திலும் கூடவே வரும்; தேவாலயத்தில் மடியில் இருக்கும்; என் வீட்டில் தேநீர் குடிக்க வந்தால் இரண்டு கால்களுக்கும் நடுவில் இருக்கும். ஒருமுறை அதை அலமாரியில் வைக்கச் சொன்னேன். எழுந்து போய்விட்டார்.

காரணம் உண்டு. நான்கு வருஷத்துக்கு முன்பு ஓர் ஆட்டத்தைப் பார்ப்பதில் மூழ்கிப்போய், ஒரு பையனின் அத்தையிடம் கேட்க வேண்டியதை மறந்துவிட்டார். ஒரே ஒரு காகிதம் குறைந்தது. அடுத்த வாரம், அணியின் சட்டையை மாட்டிக்கொண்ட பிறகு, பட்டியலிலிருந்து அந்தப் பையனின் பெயரை அடித்தார்கள். அவனைக் காரில் லீட்ஸ் வரை கொண்டுபோய் விட்டவர் லின்வால்தான். வழி முழுக்கப் பையன் சட்டையைக் கழற்றவில்லையாம். அதன் பிறகு லின்வால் ஓர் ஆட்டத்தையும் பார்த்ததில்லை. எல்லா ஆட்டத்துக்கும் வருவார். முதுகைக் காட்டி நிற்பார்.

இந்த அக்டோபரில் அவருக்கு வந்த தலைவலியின் பெயர் கோரி ஆர்மிட்டேஜ். இருபத்தொரு வயது, சுவருக்குப் பூச்சு வேலை செய்கிறவன், செம்பட்டைத் தலை, முகமெல்லாம் புள்ளி. பார்த்தால் ஜமைக்கா என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அவன் அம்மாவின் அப்பா வெர்னல் க்ரிசில் எங்கள் முதியோர் குடியிருப்பில் எனக்கு இரண்டு கதவு தள்ளி இருக்கிறார். எண்பத்து நான்கு வயது. பேரன் ஆடுகிற ஆட்டம் ஒன்றையும் விடமாட்டார். கோரிக்கு ஸ்காட்லாந்து அணியிலிருந்தும் கடிதம் வந்திருந்தது. அப்பாவைப் பெற்றவர் கிளாஸ்கோக்காரர், அதற்கான சான்றிதழ் மடிப்புக் கலையாமல் தயார். பையன் ஜமைக்காவுக்குத்தான் ஆடுவேன் என்று நின்றான். பிரான்சுக்கு எதிரான ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை. வெள்ளி மதியம் பன்னிரண்டுக்குள் தாத்தா பிறந்த சான்று போய்ச் சேராவிட்டால் கோரிக்கு ஜமைக்காச் சட்டை கிடையாது.

புதன்கிழமை நான் க்ரிசிலின் காலுக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தபோது லின்வால் டப்பாவோடு வந்தார்.

“பழைய வீட்டு நிலவறையில ஈரம்பா. மக்கிப்போச்சு,” என்றார் க்ரிசில்.

“போன வாரம் எலி தின்னுச்சுன்னீங்க, பெரியவரே.”

“எலி ஈரத்துல தின்னுச்சு.”

லின்வால் டப்பாவின் ரப்பர் பட்டையை இழுத்து இழுத்து விட்டார். கிழவர் கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போய்ப் போய் வந்தது. மணி பார்க்கிற ஆள் அல்ல அவர்.

“மிஸ்டர் க்ரிசில், உங்க உடம்புல நான் பாக்காத எடம் இல்ல. ஒரு காகிதத்துக்கா வெக்கப்படுறீங்க?” என்றேன்.

தடியால் கடிகாரத்தைக் காட்டினார். அதன் பின்னால் நாலாக மடித்து ஒட்டியிருந்தது. பிறந்த தேதி, மார்ச் ஒன்பது. பிறந்த இடம், போர்ட்லண்ட் மாவட்டம். தாய், ஐசில்டா க்ரிசில். தகப்பன் என்ற இடத்தில் ஒரு கோடு. குழந்தையின் பெயர் என்ற இடத்தில் இன்னொரு கோடு. ‘ஆண்’ என்று மட்டும் எழுதியிருந்தது.

ஜமைக்காவில் எங்கள் பக்கத்து மலையூர்களில் இது சாதாரணம். பிரசவம் பார்த்தவள் இறங்கிப் போய்ப் பதிந்துவிட்டு வருவாள். பெயரைப் பிறகு சேர்க்கலாம் என்று விடுவார்கள். பிறகு மலை இறங்க யாருக்கு நேரம்? கப்பலேறும்போது பாதிரியார் கொடுத்த ஒரு கடிதத்தை வைத்துத்தான் க்ரிசிலுக்குப் பாஸ்போர்ட் வந்தது.

“பேரே இல்லாதவன்னு சொல்லுவாங்கன்னு பெண்டாட்டிகிட்டகூடக் காட்டல,” என்றார்.

லின்வால் டப்பாவைத் தட்டினார். “இதுக்குள்ள உங்கள மாதிரி நாலு ‘ஆண்’ இருக்காங்க. ரெண்டு ‘பெண்’ணும் இருக்காங்க. நீங்க அஞ்சாவது ஆண். வரிசையில நில்லுங்க. சரி, அந்தப் பாதிரியாரு எந்தச் சபை?”

ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயரும் தாயின் பெயரும் பிறந்த தேதியும் சேர்ந்து இருந்தால், அந்தப் பக்கத்தையும் சான்றாக எடுத்துக்கொள்வதாக அணித் தேர்வுக் குழு சொன்னது. வியாழன் மாலை நாலு மணி, அங்கே காலை பத்து. கிராஸ்லண்ட் மூர் உச்சியில், கடைசி நிறுத்தத்தில், வண்டியை அணைத்துவிட்டு லின்வால் ஜமைக்காவுக்குப் போன் போட்டார். அவருக்கு ஆறு நிமிஷ ஓய்வு. கடைக்குப் போக நானும் வண்டியில் இருந்தேன்.

அந்தப் பக்கம் எடுத்தது சபையின் எழுத்தர், சகோதரி பேர்லீன். “நீ யாரு வீட்டுப் பிள்ளை?” என்றாள்.

“பிரிசெட், அம்மா. கிளாரண்டன் மாவட்டம்.”

“கிளாரண்டன்காரனுக்கு எங்க சபைப் புத்தகத்துல என்ன வேல?”

நாலு நிமிஷம் போனது. அலமாரிச் சாவி பாதிரியாரிடம் இருக்கிறது, அவர் அடக்கத்துக்குப் போயிருக்கிறார், வந்ததும் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டாள். லின்வால் போனை என் கையில் திணித்தார். “நர்சம்மா, இது உங்ககிட்ட இருக்கட்டும். வண்டி ஓடும்போது நான் தொடமாட்டேன்.”

இறக்கத்தில் பாதி வழி வந்ததும் போன் அடித்தது. ‘ஓட்டுநரிடம் பேசாதீர்கள்’ என்ற பலகைக்குக் கீழே போய் நின்று எடுத்தேன். சாவி கிடைத்துவிட்டதாம்.

“தாய் பேரு கேளுங்க,” என்றார் லின்வால், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“ஐசில்டா க்ரிசில்னு இருக்காம்.”

“தேதி?”

“மார்ச் ஒன்பதாம் தேதி. அதேதான்.”

“பேரு?”

சகோதரி பேர்லீன் கண்ணாடியைத் தேடினாள். வண்டியில் பன்னிரண்டு பேர் இருந்தோம். காய்கறி வண்டியைக் காலுக்கிடையில் வைத்திருந்த மிசஸ் சைக்ஸ், எங்கள் தெருவில் பிறந்து வளர்ந்த வெள்ளைக்காரி, பிங்கோச் சீட்டின் பின்புறம் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருந்தாள்.

“வெர்னல். வெர்னல் எபினேசர் க்ரிசில்,” என்றேன்.

“எபினேசரா? அய்யோ பாவம், அந்த மனுஷன் இத்தன வருஷம் மறைச்சது இதத்தான் போல,” என்றாள் மிசஸ் சைக்ஸ். பின்வரிசைவரை சிரிப்பு போனது.

லின்வால் அடுத்த நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தினார். ஏற ஆளில்லை, இறங்க ஆளில்லை. கதவைத் திறந்து இறங்கி, நடைபாதையில் ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றார். நாடி பார்க்க நான் எழுந்தேன். அதற்குள் ஏறிவிட்டார். “தாமதத்துக்கு மன்னிக்கணும்,” என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னார்.

சகோதரி பேர்லீன் அனுப்பிய முதல் படத்தில் அவள் கட்டைவிரல் இருந்தது. இரண்டாவதில் பக்கம் இருந்தது. வெள்ளி பதினொன்றேகாலுக்குக் குழுவுக்குப் போனது. பதினொன்று ஐம்பதுக்கு ‘ஏற்கப்பட்டது’ என்று பதில் வந்தது. க்ரிசிலுக்கு ஒரு நகல் கொடுத்தார்கள். அதைக் கடிகாரத்துக்குப் பக்கத்தில், கோணலாக, எல்லாரும் பார்க்கும்படி ஒட்டியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை தூறல். க்ரிசிலைச் சக்கர நாற்காலியில் வைத்துப் போர்வையைச் சுற்றினேன். லின்வால் வழக்கம்போல மைதானத்துக்கு முதுகைக் காட்டி, டப்பாவை அணைத்து, எங்களுக்கு முன்னால் நின்று கூட்டத்தைத் துழாவிக்கொண்டிருந்தார். இரண்டாம் பாதியில் ஒலிபெருக்கி மாற்று ஆட்டக்காரனாகப் பதினேழாம் எண்ணைச் சொன்னது. கோரி ஆர்மிட்டேஜ் மஞ்சள் சட்டையில் உள்ளே ஓடினான்.

க்ரிசில் தடியை எடுத்து லின்வாலின் முழங்காலில் ஒன்று வைத்தார்.

“ஏய், மறைக்குது. நகரு. இல்லாட்டி இந்தப் பக்கம் திரும்பு.”

“வேல இருக்கு, பெரியவரே.”

“என்ன வேல? பதினேழு பேரு காகிதமும் அந்த டப்பாக்குள்ள இருக்கு. என் பேரும் இருக்கு. எவனும் இனிமே அடிக்க முடியாது. திரும்புடா.”

லின்வால் ரப்பர் பட்டைகளைக் கழற்றினார். மூடியைத் திறந்து விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். மூடினார். பட்டைகளை மாட்டினார்.

“நம்ம பசங்க எந்தப் பக்கமா ஓடுறாங்க?” என்று என்னிடம் கேட்டார்.

கையைக் காட்டினேன். டப்பாவை ஈரப் புல்லில் வைத்து, மைதானத்தைப் பார்க்கத் திரும்பி, அதன் மேல் உட்கார்ந்தார். மூடி டொக்கென்று உள்ளே அமுங்கியது. அவர் எழுந்திருக்கவில்லை.