எந்தக் கவுண்ரி?

ஈரப் புல்லும் ட்ரைவோல் தூசியும் சேர்ந்தா ஒரு மணம் வரும்... நனைஞ்ச சோக்கட்டி மாதிரி. இருபத்திரண்டு வயசில, ஒரு கோடை முழுக்க என்ர சப்பாத்துக்குள்ள அந்த மணம்தான்.

அப்ப கனடாவில, மிசிசாகாவில ஒரு கட்டட சைற்றில ட்ரைவோல் வேலை, சுவருக்குச் சுண்ணப் பலகை அடிக்கிறது. ஃபோர்மன் டெக்லன் அயர்லாந்துக்காரன். ஆனா கதை அதுக்கு முதலே தொடங்கினது.

அந்த வருசம் எங்கட ஊர்ச் சங்கத்து சொக்கர் ரீமில, கால்பந்துதான், சேரப் போனனான். அஜின்கோர்ட் பார்க்கில மூண்டு கிழமை பிரக்ரிஸ். நல்லாத்தான் ஓடினன். ஒருநாள் சங்கத்துக் கணேஸ் அங்கிள் தோளில கை போட்டார்.

"தம்பி, ஊரில எவ்விடம்?"

சொன்னன்.

"ஓ... அதில எந்தப் பக்கம்? அப்பப்பான்ர பேர் என்ன?"

அதையும் சொன்னன். தோளில இருந்த கை மெல்ல இறங்கினது.

அடுத்த கிழமை லிஸ்ற்றில என்ர பேர் இல்லை. "இடமில்லைத் தம்பி" எண்டார். அந்த ஞாயிறு அவங்கள் பத்துப் பேரோட இறங்கினாங்கள். ஆள் காணாது. நான் வேலிக்கு வெளியில நிண்டு பாத்தன்.

இதுக்குப் பேர் சாதி. வேற பேர் தேடாதேங்கோ. அந்தச் சொல்லை ஆரும் வாயால சொல்லமாட்டினம். "எந்தப் பக்கம்" எண்டு மட்டும் அன்பாக் கேப்பினம்.

பிறகு ஒருநாள் சைற்றில சாப்பாட்டு நேரம். டெக்லன் ஒரு பந்தை எறிஞ்சான், நான் ஒற்றைக் கையால பிடிச்சன். அவன் சிரிச்சுக்கொண்டு கேட்டான்...

"விச் கவுண்ரி ஆர் யூ ஃப்ரம்?"

கவுண்ரி எண்டா அவங்கட நாட்டில மாவட்டம். என்ர காதில விழுந்தது கணேஸ் அங்கிளின்ர 'எந்தப் பக்கம்?' "ஏன், அது தெரிஞ்சாத்தான் பந்து தருவியோ?" எண்டு கெட்ட வார்த்தையோட கத்திப்போட்டன்.

டெக்லன் முழிச்சான். "மனுசா, பகிடிக்குக் கேட்டனான். எங்கட ரீமுக்குப் பதினைஞ்சு பேர் வேணும். பதின்மூண்டுதான் நிக்குது."

இப்பிடித்தான் நான் அயர்லாந்துக்காரற்ர கேலிக் ஃபுட்போலுக்குள்ள போனன். பந்தைக் கையால கொண்டு ஓடலாம், காலால அடிக்கலாம். கம்பத்துக்கு மேலால போனா ஒரு பொயின்ற், வலைக்குள்ள போனா மூண்டு. ஆனா நிலத்தில கிடக்கிற பந்தைக் கையால எடுக்கேலாது, காலால கிளப்பித்தான் எடுக்கவேணும். நான் கிரிக்கெட்டில ஃபீல்டிங் செய்து வளந்தவன்... பந்தைக் கண்டா கை தானா நிலத்துக்குப் போகும். முதல் மட்ச்சில ஏழு தரம் எடுத்தன். ஏழு தரமும் விசில்.

அங்க ஒவ்வொரு ரீமும் ஒரு மாவட்டத்தின்ர பேரில. நாங்கள் லீட்ரிம். ஆக்கள் ஆகக் குறைஞ்ச மாவட்டமாம். அந்த முதல் மட்ச்சில படுதோல்வி. முதல் சுற்றில தோத்த ரீமுகளுக்கு இன்னொரு கப் வைச்சிருந்தாங்கள். அதில தோத்தா அதோட சரி.

"தோத்தவைக்கும் ஒரு கப்போ?" எண்டு அம்மா விழுந்து விழுந்து சிரிச்சா.

அவங்களும் புனிதர் இல்லை. என்ர பேரைக் கேக்காமலே "சன்னி" ஆக்கினாங்கள். ரெண்டு பேர் என்ர சாப்பாட்டுப் பெட்டியைக் கண்டு மூக்கைப் பொத்தினாங்கள். அவங்களோடயும் சண்டை பிடிச்சனான். ஆனா என்ர அப்பப்பா ஆரெண்டு ஒருத்தனும் விசாரிக்கேல்லை.

ரெண்டு மட்ச் வெண்டு அந்தக் கப்பின்ர ஃபைனலுக்கு வந்திட்டம், ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை ஃபோன் அடிச்சது. கணேஸ் அங்கிள்.

"தம்பி, ஞாயிறு எங்கட ஃபைனல். ரெண்டு பொடியளுக்குக் கால் ஏலாது. நீர் வாரும். நீர் எங்கட பிள்ளைதானே!"

ஃபோன் ஸ்பீக்கரில. அம்மா பக்கத்தில. இருபது வருசமா சங்கத்து ஆக்கள் அம்மாவை ஒரு சமையலுக்குக்கூடக் கூப்பிட்டதில்லை. மனுசிக்குக் கண் கலங்கிட்டுது.

"போயன் ராசா... இப்பவாவது கூப்பிடினம்."

அந்த முகத்தைப் பாத்துக்கொண்டு 'மாட்டன்' எண்டு சொல்லுறது லேசில்லை.

"அங்கிள், எவ்விடம் எண்டு கேட்டனீங்களெல்லோ? நான் லீட்ரிம்" எண்டு சொல்லி ஃபோனை வைச்சன்.

ரெண்டு நாள் அம்மா என்னோட கதைக்கேல்லை. ஞாயிறு காலமை பாத்தா, குடையும் ஃபிளாஸ்க்குமாக் காருக்குள்ள இருக்கிறா.

"ஒண்டும் கேக்காதை. ஓடு காரை."

ரெக்ஸ்டேல் பக்கத்துக் கிறவுண்ட், நல்ல மழை. ஒரு பொயின்ற்றால தோத்தம். கடைசி நிமிசம் நான் அடிச்ச பந்து கம்பத்தில பட்டுத் திரும்பினது. அம்மா குடையை ஆட்டிக்கொண்டு தமிழிலயே ரெஃப்ரியை ஏசினா. "கண் தெரியேல்லையோ உமக்கு? அது உள்ளுக்கெல்லோ!" அந்தக் கிழவன் தொப்பியைத் தூக்கி "தாங்க் யூ, லவ்" எண்டிட்டுப் போனான்.

இப்ப எனக்கு இருபத்தொன்பது. டெக்லன் நாட்டுக்குத் திரும்பிட்டான்... அவன்ர சத்தமில்லாமல் கிறவுண்ட் கொஞ்சம் வெறிச்சுத்தான் கிடக்குது. முழங்காலும் முந்தின மாதிரி இல்லை. நாங்கள் இப்பவும் ரெண்டாம் கப்தான், இன்னும் ஒருக்காலும் வெல்லேல்லை.

சங்கத்து ரீமை இப்ப ஆள் காணாமல் கலைச்சுப்போட்டினம். நான் கவலைப்படேல்லை. அந்தக் கேள்வியைக் கலைச்சிருந்தா ரீம் நிண்டிருக்கும்.

போன மாசம் அவையள் அம்மாவை ஆண்டு விழாவுக்குக் கூப்பிட்டினம். முதல் தரம். அம்மா ஃபோனில கதைக்க, நான் குசினி வாசலில நிண்டு கேட்டன்.

"ஞாயிற்றுக்கிழமையோ?" எண்டா அம்மா. "ஏலாது. அண்டைக்கு எங்களுக்கு மட்ச்."