பின்பக்கத் தையல்

தேனியில் நடந்த கலைக் கண்காட்சியில், பத்துப் பேரின் படைப்புகளோடு என் ஒட்டுத்துணிப் போர்வையும் தொங்கியது. 'தொடாதீர்கள்' என்ற அட்டையை மதிக்காமல் அம்மா அதைப் புரட்டினாள். உடனே எனக்கு எட்டு வயதாகிவிட்டது.

போடி கடைத்தெருவில், புதுத்துணியின் கஞ்சி வாடைக்கு நடுவே, எந்தச் சட்டையையும் அவள் புரட்டி உட்பக்கத் தையலைத்தான் முதலில் பார்ப்பாள். கடைக்காரர்கள் நெளிவார்கள். நான் முதன்முதலாகத் தைத்த பொத்தானையும் அப்படியே புரட்டினாள்.

"ஏலே, இது தையலா, சிலந்தி வலையா?" என்று பிரித்தே போட்டாள்.

இப்போது மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, போர்வையின் பின்பக்கத்தை விரலால் தடவினாள். ஐம்பது வயதுக் கலைஞனான நான், பிரித்துவிடுவாளோ என்று அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத பெண்ணை அம்மா கூப்பிட்டாள். "ஆத்தா, இங்கன வந்து பின்பக்கத்தப் பாரு. எம்மகன் தச்சது."

ஆறு மாதம் யோசித்து நான் அமைத்த முன்பக்கத்தை அதன்பிறகு யாருமே பார்க்கவில்லை. பார்க்காவிட்டால் போகட்டும்.