பல்லாவரம் வருவதற்குள் ஒரு காதல் சானெட்

எழுபதுகளின் தொடக்கத்தில் நாங்கள் நான்கு குமாஸ்தாக்கள் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி, பீச் ஸ்டேஷன் வரை ஒன்றாகப் போவோம். அரட்டை அலுத்துப்போய், ஒரு மாதத்துக்குத் தினம் ஒரு கவிதை என்று போட்டி வைத்துக்கொண்டோம். மடித்த தாளை எதிரே இருப்பவரிடம் கொடுத்துவிட வேண்டும். அவர்தான் உரக்கப் படிப்பார். எழுதியவரே ராகம் போட்டுப் படித்து ஏமாற்றக் கூடாதல்லவா?

பதினோராம் நாளுக்குக் காதல் சானெட் என்று முடிவாயிற்று. எங்களில் இங்கிலீஷ் இலக்கியம் படித்தவர் விளக்கினார்: "பதினாலு வரி மச்சான். பன்னெண்டு வரி சும்மா அளந்து வுடு. கடைசி ரெண்டு வரில விஷயத்தைப் போட்டு ஒடச்சிடணும்."

எனக்குக் கல்யாணமாகி ஐந்து மாதம். மனைவி பல்லாவரத்தில் தமிழ் டீச்சர். அதே வண்டியில் எங்களுக்கு அடுத்த லேடீஸ் பெட்டியில் போவாள். அவள் மேல் எனக்குக் கொள்ளை ஆசை. ஆனால் ஒரு நாளும் வாயைத் திறந்து சொன்னதில்லை. குழம்பு நன்றாக இருக்கிறது என்று சொல்வதற்கே கூச்சப்படுகிற குடும்பம் எங்களுடையது.

அன்று மாலை உட்கார்ந்து எழுதினேன். ஈரப் பின்னலோடு அவள் ரயிலுக்கு ஓடுவது, முந்தானையில் ஒட்டிய சாக்பீஸ் தூள், குரோம்பேட்டைத் தோல் தொழிற்சாலை வாடைக்கு அவள் மூக்கைச் சுளிப்பது எல்லாம் சேர்ந்து பன்னிரண்டு வரி மளமளவென்று வந்துவிட்டது. அதோடு நின்றுவிட்டது. வேறு வழியில்லாமல், "ஆபீஸ்ல ஒருத்தர் எழுதினது, முடிக்க வரலையாம். நாளைக்கு எங்க பெட்டில உரக்கப் படிக்கணும்" என்று புளுகி அவளிடமே நீட்டினேன். எந்தப் புத்திசாலியும் செய்யாத காரியம்.

முகத்தில் ஒன்றும் காட்டாமல் படித்தாள். சிவப்பு மசியில் இரண்டு ஒற்றுப் பிழை திருத்தினாள். "காலைல தரேங்க" என்றாள். காலையில் தாளை மடித்துச் சாப்பாட்டுப் பையில் செருகியிருந்தாள். வண்டியைப் பிடிக்கிற அவசரத்தில் நான் பிரித்துப் பார்க்கவில்லை.

குரோம்பேட்டை தாண்டியதும் இங்கிலீஷ்காரர் படித்தார். பன்னிரண்டு வரிக்கும் ஆகா, ஓகோ! பிறகு சற்று நிறுத்தி என்னைப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தார்:

"ஒரு பெட்டி ஆண்களுக்கு உரக்கச் சொல்லியாயிற்று;
பக்கத்துப் பெட்டிக்காரியிடம் எப்போது சொல்வீர்?"

பெட்டியே கொல்லென்று சிரித்தது. எனக்குக் காது சுட்டது. ஐந்து மாதமாக அவள் காத்திருந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது. என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது.

"இன்னா மச்சான் குந்திக்கினு கீற? பல்லாவரம் வந்துடுச்சு, எறங்கு!" என்று இன்னொருவர் முதுகில் கைவைத்துத் தள்ளினார்.

இறங்கி ஓடினேன். பிளாட்பாரத்தில் குடையும் கையுமாக அவள் நின்றுகொண்டிருந்தாள். என் பின்னால் வண்டி கிளம்பிப் போயிற்று. மூச்சு வாங்க அவள் எதிரே போய் நின்றேன்.

அவள் ஸ்டேஷன் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"அடுத்த வண்டிக்குப் பத்து நிமிஷம் இருக்கு. அதுக்குள்ள சொல்லிடுங்க."