கடைசிப் படியில் பேர் கேட்டவர்

படார்!

முதுகுக்குப் பின்னால் ஒரு மண்பானை உடைந்தது. துள்ளித் திரும்பினேன். யார் வீட்டுக் காரியமோ... படித்துறையில் ஈரத் துண்டோடு நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். காலை மணி 9.12.

நம்புகிறவர்கள் நம்புங்கள். இது கடந்த பிப்ரவரியில் எனக்கே நடந்தது. பட்டப்பகலில், ஜனங்கள் நடமாடும் இடத்தில். இருட்டும் இல்லை, புளியமரமும் இல்லை. அன்று மாலை 5.40 வரை நடந்ததை மட்டும் எழுதுகிறேன். அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்று தயவுசெய்து யாரும் கேட்காதீர்கள்.

கல்யாணமாகி ஏழு வருடம் கழித்து, நானும் என் மனைவி ரஞ்சனியும் தனியாக ஊர் சுற்றக் கிளம்பியிருந்தோம். யூ.கே.ஜி. படிக்கும் மகள் மிதிலாவைச் சென்னையில் என் தங்கை மாலினியிடம் விட்டிருந்தோம். நாகப்பட்டினத்தில் மூன்று நாள் கடல். கடைசி நாள் திருச்சி. மாலை 5.10-க்குச் சென்னை ரயில். அதற்குள் ஸ்ரீரங்கமும் மலைக்கோட்டையும் பார்த்தாக வேண்டும் என்பது ரஞ்சனியின் உத்தரவு.

முதலில் அம்மா மண்டபம் படித்துறை. ரஞ்சனி எனக்கு முன்பே இறங்கிக் காவிரியில் கால் நனைத்துவிட்டு மேலே ஏறிக்கொண்டிருந்தாள். நான் இறங்கினேன்.

தண்ணீரை ஒட்டிய கடைசிப் படியில் ஒருவர் குனிந்து உட்கார்ந்திருந்தார். வேட்டியிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"பேர்? கோத்திரம்?"

அர்ச்சனைக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன். கோயில் கோயிலாகச் சொல்லிப் பழகிய வாய் தானாகச் சொன்னது.

"சபரிநாதன். சிவகோத்திரம்."

என் உள்ளங்கையில் எதையோ வைத்துத் தண்ணீர் வார்த்தார். கட்டைவிரல் பக்கமாக வழிந்தது. ஐஸ் மாதிரி இருந்தது. தட்சணை எடுக்கச் சட்டைப் பைக்குள் கைவிட்டு நிமிர்ந்தேன்.

ஆள் இல்லை. அவர் உட்கார்ந்திருந்த படி... காய்ந்து கிடந்தது.

வேறு பக்கம் போயிருப்பார் என்று விட்டுவிட்டேன்.

10.20. ஸ்ரீரங்கம் கோயில் வரிசை. பின்னால் நின்றவர் என் காலை மிதித்துக்கொண்டு நேராக எனக்கு முன்னால் போய் நின்றார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

12.15. சாப்பாட்டு ஓட்டல். சர்வர் ரஞ்சனிக்கு மட்டும் இலை போட்டார்.

"வேற யாராச்சும் வர்றாங்களாம்மா?"

"எதிர்ல மலை மாதிரி ஒருத்தர் உக்காந்திருக்காரே, தெரியலையா?"

சர்வர் கண்ணை இடுக்கி வெகுநேரம் பார்த்தார். "ஆங்... சாரி சார்."

ரஞ்சனி சிரித்தாள். "டயட்டுன்னு சொன்னப்போ நான் நம்பலைங்க. நிஜமாவே இளைச்சிட்டீங்க போல!"

நானும் சிரித்தேன். பில் வருவதற்குள் போனைத் திறக்க முகத்தைக் காட்டினேன். திறக்கவில்லை. மறுபடி காட்டினேன். 'முகம் தெரியவில்லை' என்றது.

1.05. ஆட்டோக்காரர் ரஞ்சனியிடம் கேட்டார். "ஒரு ஆளுதானம்மா?"

இந்த முறை நாங்கள் சிரிக்கவில்லை.

1.40. மலைக்கோட்டைப் படிகள். நான் இரண்டு படி மேலே நின்று மூச்சு வாங்கினேன். ரஞ்சனி நின்றாள். சுற்றிலும் பார்த்தாள்.

"என்னங்க...?"

"இங்கதான் இருக்கேன்."

"என்னங்க... எங்க போயிட்டீங்க?"

அவள் கண் என் மேல்தான் இருந்தது. ஆனால் பார்வை என்னைத் தாண்டி எங்கோ போயிற்று.

போனை எடுத்து என் நம்பரை அழைத்தாள். என் பைக்குள் மணி அடித்தது. கணீர் என்று அடித்தது.

அவளுக்குக் கேட்கவில்லை.

பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். வீலென்று அலறினாள்.

"எங்கேர்ந்து வந்தீங்க? பத்து நிமிஷமா தேடறேன்!"

என் உள்ளங்கையை விரித்தேன். கட்டைவிரலுக்குக் கீழே கறுப்பாக நான்கு எள். தேய்த்தேன். போகவில்லை.

அர்ச்சனையில் எள் ஏது?

அப்போதுதான் உறைத்தது. அந்தப் படித்துறையில் பேரும் கோத்திரமும் கேட்பது... செத்தவர்களுக்கு.

ரஞ்சனியிடம் சொன்னால் பயந்துவிடுவாள். "படித்துறையில கூலிங் கிளாஸை விட்டுட்டேன். நீ லாட்ஜுக்குப் போய்ப் பையை எடுத்துக்கிட்டு ஜங்ஷனுக்கு வந்துடு" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

எனக்கு ஒரு ஆட்டோகூட நிற்கவில்லை. பஸ்ஸில் தொற்றினேன். கண்டக்டர் டிக்கெட் கேட்கவில்லை.

2.35. படித்துறை மண்டபத்தில் தர்ப்பணம் பண்ணிவைக்கும் ஒரு வாத்தியார். சௌரிராஜன் என்று பேர். மூன்று முறை கூப்பிட்டேன். திரும்பவில்லை. தோளைப் பிடித்து உலுக்கினேன். திடுக்கிட்டார்.

"யாரு... எப்போ வந்தேள்?"

எல்லாவற்றையும் சொன்னேன். கையைக் காட்டினேன். அவர் முகம் வெளுத்தது.

"கடைசிப் படியில நாங்க யாரும் உக்கார மாட்டோமே... இங்க கேக்கறது போனவா பேரை. இருக்கறவா பேரை யாராவது சொல்லுவாளோ?"

தண்ணீரில் இறக்கி நிறுத்தினார். "உங்க பேரைச் சொல்லி, இருக்கேன்னு மூணு தரம் உரக்கச் சொல்லுங்கோ."

"சபரிநாதன் இருக்கேன்... சபரிநாதன் இருக்கேன்... சபரிநாதன் இருக்கேன்!"

கையைக் கழுவினேன். எள் போய்விட்டது.

"வேற யார் பேரையாவது சொன்னேளா?"

"இல்லைங்க."

"பெருமாள் காப்பாத்தினார். யார் பேரோ, அவாளே வந்து இந்தத் தண்ணியில நின்னு சொல்லணும். அதுவும் அன்னிக்கு அஸ்தமனத்துக்குள்ள. அப்புறம் வந்து பிரயோஜனமில்லை."

திரும்பும் பஸ்ஸில், "சார், டிக்கெட்!" என்று கண்டக்டர் அதட்டினார். என் வாழ்க்கையில் அவ்வளவு இனிமையான குரலைக் கேட்டதில்லை.

5.10. ரயில் சரியான நேரத்துக்குக் கிளம்பியது.

5.31. மாலினியின் போன்.

"அண்ணா, பாப்பா கிடைச்சிட்டா. பயப்படாத."

"கிடைச்சிட்டாளா? எப்ப தொலைஞ்சா?"

"மூணரைக்கு ஸ்கூல் விட்டதுலேர்ந்து கேட்லயேதான் நின்னிருக்கா. வேன்காரர் பார்க்கலைங்கறார். வாட்ச்மேனும் பார்க்கல, கேட்டைப் பூட்டிட்டார். அவ்வளவு ஏன்... நானே ரெண்டு தரம் அவளைத் தாண்டிப் போயிருக்கேண்ணா. அத்தை, அத்தைன்னு கத்திட்டே இருந்தாளாம். எனக்குக் கேக்கவே இல்ல. அவ ஓடி வந்து என் கையைப் பிடிச்சப்புறம்தான் கண்ணுல பட்டா."

போனை வைத்தேன்.

ரஞ்சனியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். படி... எள்... வாத்தியார் சொன்ன கெடு...

ஜன்னலுக்கு வெளியே சூரியன் சிவந்து இறங்கிக்கொண்டிருந்தது. மணி 5.40. சென்னை இன்னும் முந்நூறு கிலோமீட்டர்.

ரஞ்சனி என் கையைப் பற்றினாள்.

"நீங்க இறங்கறதுக்கு முன்னாடி அவர் எங்கிட்டயும் கேட்டாருங்க... அர்ச்சனைன்னு நினைச்சு, நான் பாப்பா பேரைச் சொன்னேன்."