மூன்றாவது கர்டர்

சோரியாங்குப்பத்து ஆதிமூலத்துக்கு ஐம்பத்தாறு வயது. பாலம் பழுது பார்க்கும் ஒரு காண்டிராக்டரிடம் கூலி வேலை. சாரத்தில் ஏறி, பாலத்தின் அடிப்பக்கத்தைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போக வேண்டும். கெட்டியான இடம் கணீரென்னும். உள்ளே விட்டுப்போன இடம் பொத்தென்று கேட்கும். நாள் முழுக்க அண்ணாந்து தட்டிவிட்டு வந்தால், சோற்றுத் தட்டைக் குனிந்து பார்க்கக்கூடக் கழுத்து வராது.

போன மார்ச்சில் ஊருக்குப் பக்கத்து ஆற்றுப் பாலத்திலேயே வேலை வந்தது. இருபத்தெட்டு வருடங்களுக்கு முன் அதைக் கட்டியவர்களில் அவரும் ஒருவர். பாலத்தைத் தாங்கும் கான்கிரீட் உத்தரமான கர்டருக்குள் குழாய் வைத்து, எஃகுக் கம்பிகளைக் கோத்து, விறைப்பாக இழுத்துப் பூட்டுவார்கள். பிறகு ஈரம் புகாமலிருக்கக் குழாய் நிறையச் சிமெண்ட் பால் ஏற்ற வேண்டும். அந்த பம்பை ஓட்டியவர் ஆதிமூலம். மூன்றாவது கர்டரில் பாதியிலேயே பம்பு அடைத்துக்கொண்டது. பொழுது சாய்ந்துவிட்டது, முனையைப் பூசி மூடிவிடு என்றார் மேஸ்திரி. மூடினார்.

இப்போது இன்ஜினியர் பிரியதர்ஷினி முதல் இரண்டு கர்டர்களில் துளை போட்டுப் பார்த்தாள். பழுதில்லை. மூன்றாவதில் வெளியே ஒரு கீறல்கூட இல்லாததால், சாரத்தைப் பிரிக்கச் சொன்னாள். ஆதிமூலம் இறங்கித் தண்ணீர் குடித்தார். பிறகு அவளிடம் போனார்.

"இதுல பாதிக்கு மேல பால் ஏறல மேடம். நான்தான் பூசி மூடனேன்."

அவள் திட்டவில்லை. எந்த இடம் என்று மட்டும் கேட்டாள். துளை போட்டதும் துருத் தண்ணீர் ஒழுகியது. பன்னிரண்டு கம்பிகளில் ஐந்து அறுந்து கிடந்தன.

அன்று சாயங்காலமே பஸ்ஸையும் லாரியையும் நிறுத்திவிட்டார்கள். கரும்பு டிராக்டர்கள் ஒன்பது கிலோமீட்டர் சுற்றின. கரும்பு போட்டிருந்த குழந்தைவேல், டீக்கடையில் இவரைக் கண்டால் எழுந்து போனார். காண்டிராக்டர் வேலைக்குக் கூப்பிடவில்லை.

"இத்தினி வருசம் சொல்லாதவன், இப்ப சொல்லி இன்னாத்த கண்ட?" என்றாள் மனைவி காசம்மாள்.

"பஸ்சு போறப்பலாம் அண்ணாந்து பாத்துகினே நிக்க முடியலடி."

சொல்லிவிட்டால் மனசு லேசாகும் என்று நினைத்திருந்தார். அப்படி ஒன்றும் ஆகவில்லை. உடம்பு அசதி மட்டும் கூடியிருந்தது. மூன்றாம் வாரம் பிரியதர்ஷினியே போன் செய்தாள்: அவரும் அதே ஆட்களும் கட்டிய இன்னொரு பாலத்தையும் பார்க்க வேண்டுமாம், அவர் கூட இருந்தால் நல்லதாம். எங்கெங்கே பம்பு நின்றது என்று யோசித்தபடியே, வருகிறேன் என்றார் ஆதிமூலம்.