ஒரு மைனஸ் குறி

அப்பாவின் வலது மணிக்கட்டு முறிந்து, மாவுக்கட்டைப் பிரித்து ஒரு மாதமாகியும் அவர் அந்தக் கையைக் கைக்குழந்தை மாதிரி மடியிலேயே வைத்திருந்தார். தி. நகர் ஜவுளிக் கடையில் முப்பது வருஷம் துணி அளந்து கிழித்த கை. அசைக்காமல் விட்டால் இறுகிப்போகும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். சாப்பாடு இடது கையில், ஸ்பூனில். விரலை மடக்குங்கள் என்று கெஞ்சினால், "நாளைக்குப் பாக்கலாம்மா" என்பார். எனக்குக் கோபம் வரும். அதைவிட அதிகமாகப் பயம் வரும்.

அவர் கேரம் பைத்தியம். எங்கள் மயிலாப்பூர் ஃபிளாட்டின் கார் நிறுத்துமிடத்தில், கீழ் வீட்டு ஆட்டோக்காரர் தினமும் சாயங்காலம் பலகையைப் போட்டுக் கூப்பிடுவார். அப்பா போய் வேடிக்கை மட்டும் பார்ப்பார். கேட்டால், இடது கையில் குறி வராதாம். சரி, குறியை நான் பார்த்துத் தருகிறேன் என்று கிளம்பினேன். மென்பொருள் எழுதிச் சம்பளம் வாங்குகிறவளுக்கு இதுகூடவா முடியாது?

பலகைக்கு மேலே போனை ஸ்டாண்டில் மாட்டிவிட வேண்டியது. திரையில் ஸ்ட்ரைக்கர் மேல் ஒரு தட்டு, காய் மேல் ஒரு தட்டு. இரண்டு புள்ளிக்கும் இடையே குறுக்கே எவ்வளவு, நெடுக்கே எவ்வளவு என்று எடுத்து, பத்தாம் வகுப்பு முக்கோணவியலில் வரும் டேன் கணக்கைத் திருப்பிப் போட்டால் கோட்டின் கோணம் வந்துவிடும். அந்தக் கோணத்தில் ஓர் அம்பு வரைய வேண்டும், அவ்வளவுதான். சாப்பாட்டு மேசையில் இரண்டு சட்டைப் பொத்தான்களைக் குறுக்கே ஒரே வரிசையில் வைத்துச் சோதித்தேன். அம்பு கச்சிதமாகப் போய்த் தொட்டது.

மறுநாள் அப்பா இடது கையால் ஸ்ட்ரைக்கரை வைத்தார். எதிரே, வலது மூலைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக் காய். அம்பு காயை விட்டுவிட்டு அப்பாவின் மடியைக் காட்டியது.

"இன்னா நைனா, போனு உன்னியே அடிக்கச் சொல்லுது!" என்றார் ஆட்டோக்காரர்.

தவறு எனக்கு உடனே புரிந்தது. பள்ளிக்கூட நோட்டில் மேலே போகப் போக எண் கூடும். திரையில் கீழே போகப் போகத்தான் கூடும். நெடுக்கு அளவுக்கு முன்னால் ஒரு மைனஸ் போட்டிருக்க வேண்டும். பொத்தான்கள் ஒரே வரிசையில் இருந்ததால் நெடுக்கு பூஜ்யம், தப்பும் தெரியவில்லை. நான் அசடு வழிய இதை விளக்கி முடிப்பதற்குள் அப்பா பொறுமை இழந்துவிட்டார்.

"இதுக்கா இன்ஜினியரிங் படிச்ச? இப்படி வரணும்மா கோணம், இப்படி!"

சுண்டிக் காட்டினார். ஸ்ட்ரைக்கர் சோம்பலாகப் போய்ப் பாதி வழியில் நின்றது. ஆனால் சுண்டியது வலது கை. அது அவருக்கே தெரியவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்றைக்கே மைனஸைப் போட்டேன். மறுநாள் அம்பு சரியாகக் காட்டியது. "பரவால்லயே" என்று அப்பா இடது கையால் சமர்த்தாக ஆடினார். வலது கை மடிக்குத் திரும்பிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்த மைனஸை எடுத்துவிட்டேன். ஆபீசில் இப்படிச் செய்தால் சீட்டைக் கிழித்து அனுப்பிவிடுவார்கள்.

மூன்று வாரமாக அப்பா தினமும் போனைத் திட்டுகிறார், தினமும் வலது கையால் சுண்டிக் காட்டுகிறார். நேற்று சிவப்புக் காயையே குழியில் தள்ளிவிட்டு என்னைப் பார்த்தார்.

"இன்னுமா உனக்கு அந்தக் கணக்கு வரல?"

"கஷ்டமான கணக்குப்பா," என்றேன்.

ஆட்டோக்காரர் சட்டென்று குனிந்து பலகைக்கு அடியில் பவுடர் டப்பாவைத் தேடினார். டப்பா அவர் கையிலேயே இருந்தது.